இவால்: பயனரின் எழுத்து கட்டளையாக மாறும்போது

ஜாவாஸ்கிரிப்டில் ‘இவால்’ என்றொரு செயற்கூறு உண்டு. அதனிடம் ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரைக் கொடுத்தால், அதை நிரலாகவே இயக்கிவிடும். ‘2+3’ என்ற சரம் 5 என்ற எண்ணாகத் திரும்பி வரும். பிஎச்பி, பைத்தான், ரூபி மொழிகளிலும் இதே பெயரில் இந்த வசதி இருக்கிறது. வலைத்தளங்களில் இதைத் தவிர்ப்பதே பொது விதி. தேவைப்படும் இடங்கள் மிகச் சில.

நிரல் என்பது தளத்தை நடத்துபவர் இடும் கட்டளை. தரவு என்பது பயனர் தரும் செய்தி. இரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பை இவால் அழித்துவிடுகிறது. தேடல் பெட்டி, படிவம், இணைய முகவரி, வேறொரு சர்வரின் பதில் ஆகியவற்றில் எதிலிருந்து வந்த எழுத்தானாலும், அது இவாலைச் சென்றடைந்தால் அதை எழுதியவரே கட்டளை இடுபவர் ஆகிறார். உலாவியில் இது நடந்தால், பயனரின் பெயரில் செய்தி அனுப்பலாம். போலிப் படிவம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கலாம். சர்வரில் நடந்தால் கோப்புகளும் தரவுத்தளமும் கைமாறலாம்.

2005 அக்டோபரில் மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தில் பரவிய ‘சாமி’ புழு ஒரு பாடம். சாமி கம்கார் எழுதிய அந்த நிரல், அவரது பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் தன்னைப் பதித்துக்கொண்டது. பயனர்கள் நிரலைப் புகுத்த முடிந்ததுதான் மூலக் குறை. ஆபத்தான சொற்களைத் தளத்தின் வடிகட்டி நீக்கியது. அவரோ அவற்றைத் துண்டாக உடைத்து, இவாலுக்குள் ஒட்டி இயக்கினார். 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களை அது எட்டியது. தடைச் சொற்களின் பட்டியல் காவல் ஆகாது என்பதை அது காட்டியது.

இவால் வேறு உருவங்களிலும் ஒளிந்திருக்கும். சரத்திலிருந்து செயற்கூறு உருவாக்கும் ‘நியூ ஃபங்ஷன்’, சரத்தை ஏற்கும் ‘செட் டைம்அவுட்’, ‘செட் இன்டர்வல்’ மூன்றும் அதே வேலையைச் செய்கின்றன. பிஎச்பியின் ‘ப்ரெக் ரீபிளேஸ்’ செயற்கூறில் இருந்த ‘இ’ குறியும் அத்தகையதே, 7.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

பெரும்பாலான தேவைகளுக்கு நல்ல மாற்று உண்டு:

- ஜேசான் தரவைப் படிக்க ‘ஜேசான் பார்ஸ்’ போதும். 2009இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 5 தரத்திலிருந்தே அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பகுதி.
- பெயர் தெரியாத பண்பை எடுக்கச் சதுர அடைப்புக்குறி போதும்.
- பயனர் தேர்வுக்கேற்பச் செயற்கூறை அழைக்க, அனுமதித்த பெயர்களை மட்டும் கொண்ட அட்டவணை போதும்.
- ‘செட் டைம்அவுட்’ போன்ற நேரங்காட்டிகளுக்குச் சரத்துக்குப் பதில் செயற்கூறையே தரலாம்.
- கணக்கிட வேண்டுமானால், எண்களையும் குறிகளையும் மட்டும் ஏற்கும் சிறு பகுப்பான் வேண்டும்.

இவற்றோடு, தளத்தின் ‘கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி’ தலைப்பில் நிரல்களுக்கான விதியை வகுத்து, ‘அன்சேஃப் இவால்’ அனுமதியைச் சேர்க்காமல் விட்டால், உலாவியே இவாலை மறுத்துவிடும். ஏதோ ஒரு வழியில் நுழைந்த அந்நிய நிரலும் அந்தக் கருவியை இழக்கிறது. பழைய நூலகம் அந்த அனுமதியைக் கேட்டால், நூலகத்தை மாற்றுவதே சரி.

நிரல் கற்பிக்கும் தளங்களில் மாணவர் எழுதுவதை இயக்கியே ஆகவேண்டும். அங்கே அந்த நிரலைத் தனி டொமைனில், ‘சேண்ட்பாக்ஸ்’ கட்டுப்பாடுள்ள ஐஃப்ரேமுக்குள், குக்கியோ கணக்கோ எட்டாத இடத்தில் இயக்க வேண்டும்.

இந்தக் கவனத்தை எதிர்பார்ப்பது பயனரின் உரிமை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிய விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. கசிவைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் கடமைப்படுத்துகிறது. கசிந்த விவரங்களால் இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் அளிக்கலாம்.