சிடி டிரைவ் இல்லையென்று கவலை வேண்டாம்

உத்தனப்பள்ளி, சூளகிரி, இராயக்கோட்டை வட்டாரத்தில் சின்ன லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு விண்டோஸ் படுத்துவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது ரிப்பேர் கடைக்குப் போகும் ஓசூர் பஸ்தான். சிடி போட இடமே இல்லாத மெஷினில் நாமாக என்ன செய்துவிட முடியும் என்ற மலைப்பு. அந்த மலைப்புக்குக் காரணமே இல்லை. ஒரு பென் டிரைவ் இருந்தால் போதும். அதைத் தயார் செய்ய ஒவ்வொரு மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. 2007இல் வந்த ஏசஸ் ஈ பிசி என்ற ஏழு அங்குல லேப்டாப்பிலேயே சிடி டிரைவ் கிடையாது. இத்தகைய மெஷின்கள் பெருகவே, விண்டோஸ் 7ஐப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கருவியை 2009இல் மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது. சிடியில் பிடிப்பது 700 எம்பி, சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. இன்றைய விண்டோஸ் 11 கோப்போ 5 ஜிபியைத் தாண்டுகிறது. ஆகவே வெளியே செருகும் டிவிடி டிரைவுக்குச் செலவழிப்பது வீண்.

பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான். இணையத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் லேப்டாப் அதிலிருந்து பூட் ஆகாது. அந்த ஒற்றைக் கோப்புக்குள் இருப்பதை, பூட் ஆகும் விதத்தில் பரப்பி எழுத வேண்டும். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள்கள் செய்வது அதைத்தான். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு அதைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்த கையோடு பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

கடையில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்பார்கள். முடியும்தான். ஆனால் அங்கே உள்ளே போவது யார் திருத்திய விண்டோஸ் என்று நமக்குத் தெரியாது. கிராக் செய்த பிரதியில் பாஸ்வேர்டு திருடும் நிரல் ஒளிந்திருந்தால், அதே லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறப்பவர் நாம். தயாரித்தவரின் தளத்திலிருந்தே இறக்கி, அவர்கள் வெளியிட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் அந்தப் பயம் பெருமளவு நீங்கும்.

பழைய லேப்டாப் விண்டோஸ் 11ஐத் தாங்காதே என்பது நியாயமான கேள்வி. அதற்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் கைகொடுப்பது இங்கேதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. டெபியனை நிறுவும்போது திரையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம். மூன்றும் புழங்கும் ஓசூர் எல்லைக்கு அது சாதாரண வசதியல்ல. டேலி என்ற கணக்கு மென்பொருள் கட்டாயம் தேவைப்படும் கணக்காளர் விண்டோஸிலேயே இருக்கட்டும். படிப்புக்கும் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும். பென் டிரைவிலிருந்தே முதலில் ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறு டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். டிஸ்க்கை முழுதாக அழிக்கட்டுமா என்று திரை கேட்கும்போது யோசிப்பது தாமதம்.