குறுக்குவில் அம்பின் இறகு மாற்றுதல்

குறுக்குவில் அம்பின் இறகு மாற்றுதல் என்பது, அம்பின் பின்பகுதியில் கிழிந்த, கழன்ற அல்லது உருக்குலைந்த இறகுகளை அகற்றிவிட்டுப் புதிய இறகுகளை ஒட்டும் பழுதுநீக்கும் வேலையாகும். வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் குறுக்குவில் பயன்படும் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இதைப் பலர் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர். பசையும் சில எளிய கருவிகளும் இருந்தால் போதும். ஆயினும் ஒட்டுவது இவ்வேலையின் சிறு பகுதியே. அம்புத் தண்டு இன்னும் எய்யத் தகுந்ததா என்று தீர்மானிப்பதும், இறகுகளை உரிய திசையில் அமைப்பதுமே முதன்மையானவை. இவ்விரண்டில் தவறினால் அம்பு குறி தவறுவதுடன், எய்பவருக்கே காயம் நேரலாம்.

அம்பின் பகுதிகள்

இக்காலக் குறுக்குவில் அம்புகள் பெரும்பாலும் 16 முதல் 22 அங்குல நீளமுள்ளவை. இவற்றின் தண்டு கார்பன் இழையால் அல்லது அலுமினியத்தால் செய்யப்படுகிறது. முன்புறத்தில் திருகிப் பொருத்தும் முனை இருக்கும். பின்புறத்தில் நாண் வந்து தள்ளும் சிறு துண்டுக்குக் குதை என்று பெயர்; ஆங்கிலத்தில் இது நாக் எனப்படும். குதைக்குச் சற்று முன்னால் மூன்று இறகுகள், ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் ஒட்டப்பட்டிருக்கும். இவை இன்று பெரும்பாலும் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. 2 முதல் 4 அங்குல நீளம் கொண்டவை.

மூன்றில் ஒன்று வழக்கமாக வேறு நிறத்தில் இருக்கும். இதை வழிகாட்டி இறகு எனலாம். குறுக்குவில்லின் மேற்புறத்தில் அம்பு கிடக்கும் தடத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. வழிகாட்டி இறகு கீழ்நோக்கி அந்தப் பள்ளத்துக்குள் அமர வேண்டும். மற்ற இரண்டும் தடத்துக்கு மேலே இருபுறமும் சாய்ந்து நிற்கும்.

இறகின் பணி

இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் அதன் தக்கைப் பகுதியே முன்னே திரும்புகிறது. எடை முன்னாலும் காற்றின் இழுவை பின்னாலும் இருப்பதே இதற்குக் காரணம். அம்பும் இதே முறையில்தான் நேராகச் செல்கிறது. அம்பின் வால் ஒரு பக்கம் விலகினால், அந்தப் பக்கத்து இறகின் மீது காற்று மோதி அதை மீண்டும் நேர்ப்படுத்துகிறது.

இறகுகளை அச்சுக்கோட்டிலிருந்து 1 முதல் 3 பாகை வரை சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்றுகொண்டே செல்லும். தண்டிலோ முனையிலோ உள்ள சிறு கோணல் அம்பை ஒரே பக்கமாக இழுக்காமல் இச்சுழற்சி தடுக்கிறது. மூன்று இறகுகளும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் சாய்ந்திருக்க வேண்டும்.

வரலாறு

நடுக்கால ஐரோப்பாவில் குறுக்குவில் அம்புகளுக்கு மரச்சீவல், தோல், பதப்படுத்திய தோல்தாள் ஆகியவற்றாலான இறகுகள் பொருத்தப்பட்டன. இரண்டே இறகுகள் கொண்ட அம்புகளும் பல இருந்தன. இங்கிலாந்தின் நெடுவில் அம்புகளுக்கு வாத்து இறகு பயன்பட்டது. அம்புக்கு இறகு பொருத்துவோர் அங்குத் தனித் தொழிற்குழுவாக இயங்கினர். வில் செய்வோரிடமிருந்து இவர்கள் பிரிந்தது 1371ஆம் ஆண்டில். 1545இல் ரோஜர் ஆஸ்கம் எழுதிய டாக்சோஃபிலஸ் என்னும் வில்வித்தை நூலும் இறகுகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது.

தண்டைச் சோதித்தல்

இறகு கிழிந்த அம்பு எதிலோ உரசியிருக்கிறது அல்லது எதையோ துளைத்துச் சென்றிருக்கிறது. எனவே இறகை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்கக் கூடாது. முதலில் முனையைத் திருகி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பின்னர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து தண்டைப் பின்வருமாறு சோதிக்கலாம்.

1. நல்ல வெளிச்சத்தில் தண்டைச் சுழற்றி, கீறல், பள்ளம், பிளவு உள்ளனவா என்று பார்த்தல்.
2. பஞ்சை இரு திசையிலும் தண்டின் மீது ஓட்டுதல். கார்பன் இழை எழும்பியிருந்தால் பஞ்சு அங்கே சிக்கும்.
3. தண்டின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் வைத்து, மெல்ல வளைத்துப் பார்த்தல். சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல பக்கங்களிலும் இவ்வாறு வளைக்க வேண்டும். நொறுங்கும் ஒலி கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது.
4. குதையில் வெடிப்போ தளர்வோ உள்ளதா என்று பார்த்தல்.

விரிசல் கண்ட கார்பன் தண்டு, நாண் தள்ளும் வேகத்தில் சிதறக்கூடும். இன்றைய குறுக்குவில்கள் பல விநாடிக்கு 300 அடிக்கும் மேலான வேகத்தில் அம்பை விடுகின்றன. ஐயம் இருந்தால் அந்த அம்பை ஒதுக்குவதே முறை. வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தாதபடி அதை உடைத்துப் போட்டுவிட வேண்டும். வளைந்த அலுமினியத் தண்டும் ஒதுக்கத்தக்கதே.

தண்டு நன்றாக இருந்து, இறகு மடங்கி மட்டும் இருந்தால் மாற்றத் தேவையில்லை. கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டினால் பிளாஸ்டிக் இறகு பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும்.

பழைய இறகை அகற்றுதல்

பழைய இறகைச் சுரண்டும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்வது நல்லது. ஒன்று, தண்டின் பின்முனையிலிருந்து இறகு தொடங்கும் இடம் வரையுள்ள தூரம். மற்றொன்று, குதையின் பள்ளத்தைப் பொறுத்து வழிகாட்டி இறகு நிற்கும் திசை. பழைய அடையாளம் போய்விட்டால் இவற்றை ஊகிக்க வேண்டியதாகிவிடும்.

மழுங்கிய கத்தியால் இறகின் அடியைத் தண்டோடு ஒட்டிச் சாய்வாகத் தள்ளினால் அது உரிந்து வரும். கூரிய கத்தி கார்பன் இழையை வெட்டிவிடும். தண்டை நெருப்பில் காட்டுவதும் கூடாது. வெப்பம் கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசினைக் கெடுக்கும். எஞ்சிய பசையை மெல்லச் சுரண்டிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் துடைத்து உலர விட வேண்டும். அதன்பின் அவ்விடத்தை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டுதலைக் கெடுக்கும்.

ஓர் இறகு மட்டும் பழுதாகி, அதே வகை இறகு கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். கிடைக்காவிட்டால் மூன்றையும் மாற்ற வேண்டும். உயரமும் எடையும் வேறுபட்ட இறகுகள் ஒரே அம்பில் சேரக் கூடாது.

குதையும் திசையும்

குதைகளில் தட்டையானது, அரைநிலா வடிவப் பள்ளம் கொண்டது, நாணைக் கவ்விப் பிடிப்பது எனப் பல வகைகள் உண்டு. வில்லின் கையேடு குறிப்பிடும் வகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

தட்டைக் குதைக்குத் திசை இல்லை. அரைநிலாக் குதைக்கு உண்டு. நாண் கிடைமட்டமாக வருவதால், வழிகாட்டி இறகு நேர் கீழே இருக்கும்போது குதையின் பள்ளமும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அது திரும்பியிருந்தால் நாண் பள்ளத்தில் அமராமல் அம்புக்கு மேலேயோ கீழேயோ வழுகிச் செல்லலாம். அப்போது அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் வில்லின் கைகளுக்கே திரும்பும். வெறும் நாணை விடுவதற்கு ஒப்பான இதனால் வில் உடையலாம். அருகில் உள்ளவருக்குக் காயமும் ஏற்படலாம்.

ஒட்டும் முறை

ஜிக் எனப்படும் ஒட்டுச் சட்டம், தண்டை 120 பாகை வீதம் திருப்பி நிறுத்தி இறகை உரிய கோணத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஓர் இறகை ஒட்டுபவை, மூன்றையும் சேர்த்து ஒட்டுபவை என இது பலவகைப்படும்.

சட்டம் இன்றிக் கண்ணளவில் ஒட்டுவது ஏன் சரிவராது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். தண்டின் விட்டம் 8.7 மி.மீ. எனில் அதன் சுற்றளவு ஏறத்தாழ 27.3 மி.மீ. எனவே இறகுகளுக்கு இடையே 9.1 மி.மீ. இருக்க வேண்டும். இதில் 1 மி.மீ. பிசகினால் கோணத்தில் 13 பாகை பிசகும். அவ்வளவு விலகிய இறகு தடத்தின் விளிம்பில் உரசக்கூடும்.

தண்டைச் சட்டத்தில் வைத்துக் குதையின் திசையைச் சரிபார்த்த பின், இறகின் அடியையும் துடைத்து, பிடியில் பொருத்த வேண்டும். ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் வகைப் பசையை இறகின் அடியில் மெல்லிய கோடாக இட்டுத் தண்டோடு அழுத்த வேண்டும். பசைப் புட்டியில் குறித்த நேரம் வரை பிடியைத் தளர்த்தக் கூடாது. வழிந்த பசை வலிமை தராது, எடையையே கூட்டும். மூன்றும் ஒட்டிய பின் ஒவ்வோர் இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சிறு துளி பசை இட வேண்டும். இறகு பெரும்பாலும் முன்நுனியிலிருந்தே உரியத் தொடங்குவதால் இத்துளியைத் தவிர்க்கக் கூடாது. ஓர் இரவு உலரவிட்டு மறுநாள் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

காற்றோட்டமுள்ள இடத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். கார்பன் தண்டைத் தேய்க்க நேர்ந்தால் அதன் தூசு மூச்சில் போகாதபடி முகக்கவசம் அணிய வேண்டும்.

இறுதிச் சரிபார்ப்பு

நாண் ஏற்றாத வில்லின் தடத்தில் அம்பை வைத்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டி இறகு பள்ளத்துக்குள் தடையின்றி நகர வேண்டும். மற்ற இரண்டும் தடத்தைத் தொடக் கூடாது. அதிகம் முறுக்கி ஒட்டிய இறகுகள் இச்சோதனையில் தவறிவிடும். பின்னர் முனையைப் பொருத்தி, அதே வகையைச் சேர்ந்த மற்ற அம்புகளுடன் எடையை ஒப்பிடலாம். பழுதுநீக்கிய அம்பை முதலில் பயிற்சி இலக்கிலேயே எய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் தண்டை வளைத்துப் பார்க்கும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். புதிய இறகு அம்பைப் புதியதுபோல் காட்டும். ஆனால் தண்டின் வயது குறைவதில்லை.