அயர்லாந்துக் கதையில் பண்ணை விலங்குகளுக்குப் பெயர் சூட்டல்

பாட்டி கூறும் கதைகளில் காக்கைக்கும் நரிக்கும் பெயர் இருப்பதில்லை. காக்கை காக்கையே, நரி நரியே. ஆயின், வீட்டில் வளரும் பசுவுக்கு இலட்சுமி என்றும் நாய்க்கு மணி என்றும் பெயரிட்டு அழைக்கிறோம். காட்டு விலங்குக்கு இல்லாத பெயர் வீட்டு விலங்குக்கு எவ்வாறு வந்தது? நாள்தோறும் அதனைக் கூப்பிட வேண்டியிருப்பதால் வந்தது.

நம் பள்ளியின் கதை நேரத்திற்காக, அயர்லாந்து நாட்டுப் பண்ணை ஒன்றில் நடப்பதாக ஒரு சிறு கதை எழுத முற்பட்டோம். கதையில் ஒரு பசு, ஒரு குதிரை, ஒரு செம்மறியாடு, ஒரு கழுதை, ஒரு பன்றி. அவற்றோடு ஒரு சிறுவனும் அவன் தாயும். கதையை எழுதி முடிக்க இரண்டு நாள் போதியதாக இருந்தது. பெயர் சூட்டவோ இரண்டு வாரம் பிடித்தது.

அயர்லாந்து, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தீவு. மழை மிகுதி; ஆதலின் புல்லும் மிகுதி; ஆதலின் பண்டு தொட்டே அங்கு மாடே செல்வமாக மதிக்கப்பட்டது. அந்நாட்டின் பழைய மொழி ஐரிசு எனப்படும். அஃது ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று. கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அம்மொழிச் சொற்களையே பெயராக வைத்துவிடலாமே என்று முதலில் எண்ணினோம். பசுவுக்கு ஐரிசு மொழியில் ‘போ’ என்று பெயர். குதிரைக்குரிய சொல் ஏறத்தாழக் ‘கப்பல்’ என்று ஒலிக்கும். கழுதை ‘அசல்’ ஆகும். செம்மறியாடு ‘கீர’ என ஒலிக்கும். சிறுவன் தன் பசுவை அன்போடு ‘போ, போ’ என்று அருகில் அழைப்பதையும், கப்பல் ஒன்று கீரையைப் பார்த்துக் கனைப்பதையும் எண்ணிப் பாருங்கள்! அந்த எண்ணத்தைச் சிரித்துக்கொண்டே கைவிட்டோம்.

பின்னர், அந்நாட்டார் தம் விலங்குகளுக்கு எவ்வாறு பெயரிட்டனர் என்று ஆராயத் தொடங்கினோம். அவர்களின் பழங்கதைகளுள் தலையாயது ‘டான்’ என்னும் மாடுபிடிப் போர்க்கதை. மேவ் என்னும் அரசியும் அவள் கணவனும் தத்தம் செல்வத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எல்லாம் சமமாக இருக்க, கணவனிடம் மட்டும் ஒப்பற்ற காளை ஒன்று இருக்கிறது. அதன் பெயருக்கு ‘வெண்கொம்பன்’ என்பது பொருள். அதற்கு ஈடாகக் கூலி என்னும் பகுதியிலுள்ள மற்றொரு காளையைக் கவர்ந்துவர அரசி படை திரட்டுகிறாள். அக்காளையின் பெயர் ‘கூலியின் பழுப்பன்’. (இங்குக் கூலி என்பது ஊரின் பெயர், சம்பளம் அன்று!) ஒரு பெயரில் நிறமும் கொம்பும்; மற்றொன்றில் நிறமும் ஊரும். செவலை, மயிலை, காரி என மாட்டின் நிறத்தையே பெயராக்கும் நம் வழக்கத்திற்கு இது மிக அணுக்கமானது.

இக்கதையின் பழைய வடிவங்களுள் ஒன்று, 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட தோல் ஏடு ஒன்றில் உள்ளது. அவ்வேட்டின் பெயரே ‘பழுப்புப் பசுவின் நூல்’ என்பதாகும். கியாரன் என்னும் துறவி வளர்த்த பசுவின் தோலில் எழுதப்பட்டது என்று மரபு கூறும். இன்று அந்நூல் தப்ளின் நகரில், அரச ஐரிசுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

முதுகில் வெள்ளைப் பட்டை உடைய பசுவுக்கு அம்மொழியில் தனிச் சொல்லே உண்டு. ‘வெண்முதுகி’ என்று அதனைத் தமிழாக்கலாம். ஆங்கிலேயர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டுப் பாவலர்கள் தம் நாட்டை வெளிப்படையாகப் பாட இயலாதபோது, இத்தகைய பசுவைப் பாடுவதுபோல் நாட்டைப் பாடினர். பசுவின் பெயர் தாய்நாட்டின் மறைபெயராயிற்று. கொம்பில்லா விலங்கை அவர்கள் ‘மேல்’ என்பது போன்ற ஒலியுடைய சொல்லால் குறிப்பர். நாம் மோழை என்கிறோம். முதல் எழுத்து ஒத்திருப்பது தற்செயலே. உறவு கற்பிக்க வேண்டா.

நிறப்பெயர் எளிது என்று எண்ணிவிடுதல் கூடாது. வெள்ளை நிறத்தை ஐரிசு மொழியில் ‘பான்’ என்பர். 9ஆம் நூற்றாண்டில் ஐரிசுத் துறவி ஒருவர் தம் பூனையைப் பற்றிப் பாடிய பாடல் இன்றும் புகழுடன் விளங்குகிறது. அப்பூனையின் பெயர் பங்குர் பான். 2009இல் வெளிவந்த கெல்சு நூலைப் பற்றிய கேலிச்சித்திரத் திரைப்படத்திலும் அப்பூனை வருகிறது. ஆயின், பசு என்னும் சொல் அம்மொழியில் பெண்பால். ஆதலின் அதன்பின் வரும் ‘பான்’ முதலெழுத்து மெலிந்து ‘வான்’ என ஒலிக்கும். பூனை என்னும் சொல் ஆண்பால். அங்கு மாற்றம் இல்லை.

கூப்பிடும்போதும் இவ்வாறே. கண்ணன் என்னும் பெயரை நாம் விளிக்கும்போது கண்ணா என்கிறோம். விளி வேற்றுமையில் நம் மொழியில் சொல்லின் இறுதி திரிகிறது. ஐரிசு மொழியிலோ சொல்லின் முதல் திரியும். மாரெ என்னும் சிறுமியை அழைக்க, ‘அ வாரெ’ என்பர். குறில் நெடில் வேறுபாடும் அங்கு உண்டு. ஷான் என்னும் ஆண்பெயரில் உயிரெழுத்தின்மேல் இடும் நெடிற்குறியை விட்டுவிட்டால், அச்சொல் ‘கிழட்டு’ என்று பொருள்படும். பெயர் சூட்டுவோர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

நமக்கு மிகவும் பிடித்தது, ‘ஈன்’ என்னும் பின்னொட்டு. நாம் ‘குட்டி’ என்று சேர்ப்பதுபோல் அவர்கள் இதனைச் சேர்ப்பர். பொறிவண்டுக்கு அவர்கள் இட்ட பெயர், ‘கடவுளின் குட்டிப் பசு’ என்பது.

எஞ்சியது பன்றி. ஈண்டுதான் எழுதுகோல் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து ஏழைக் குடியானவர் பிறர் நிலத்தில் குத்தகைக்கு வாழ்ந்தனர். அவர்கள் உண்டது உருளைக்கிழங்கு. பன்றிக்கு இட்டதும் அதுவே. கொழுத்த பன்றியை விற்றுக் குத்தகை செலுத்தினர். ஆதலால் பன்றியைக் ‘குத்தகை கட்டும் கனவான்’ என்று வேடிக்கையாகக் கூறுவர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கிழங்கு அழுகியதும் உணவு போயிற்று, பன்றி போயிற்று, குத்தகை நின்றது, குடிசையிலிருந்தும் பலர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851இல் 66 இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. மாண்டோரிலும் சென்றோரிலும் ஐரிசு பேசியவரே மிகுதி. எனினும், ஆங்கிலம் பேசத் தொடங்கிய பின்னரும், பன்றிக்குட்டியைக் குறிக்கும் பழைய சொல்லை அந்நாட்டு உழவர் விடவில்லை.

நம் கதையில் பசு வெண்முதுகி ஆயிற்று, குதிரை நரையன், செம்மறி மோழை, கழுதை கறுப்பன். பன்றிக்கு மட்டும் பெயரிடாது விட்டோம். விற்கப்போகும் விலங்குக்குப் பெயர் வைத்தால், விற்கும் நாளில் சிறுவன் அழுவானே என்பது நம் கருத்து. கதைப்படியைப் படித்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதனை ஏற்கவில்லை. “விற்கும் வரைக்கும் அதைச் சாப்பிடக் கூப்பிட வேண்டாமா, ஐயா?” என்று கேட்டாள்.

அவள் கேள்விக்குப்பின் கதையில் ஒரு வரி கூட்டினோம். பன்றிக்குட்டியைக் குறிக்கும் அப்பழைய சொல்லோடு ‘ஈன்’ சேர்த்தால் ‘பனவீன்’ என்று வரும். தாய் அருகில் இல்லாத வேளைகளில் மட்டும், சிறுவன் மெல்லிய குரலில் அதனை அவ்வாறு அழைக்கிறான்.