கார் பராமரிப்பு: கம்பெனி சர்வீஸா, சொந்தக் கைவேலையா?

கார் வாங்கும்போது விலை, வட்டி, மாதத் தவணை ஆகியவற்றைப் பலமுறை கணக்கிடும் நாம், அதன் பின் ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் சில சர்வீஸ்களுக்குக் கூலி இல்லை என்பதால் சுமை தெரிவதுமில்லை. இலவசச் சுற்று முடிந்து முதல் முழு பில் கைக்கு வரும்போதுதான், ‘இத்தனையும் தேவைதானா? சிலவற்றை நாமே செய்துகொள்ளக் கூடாதா?’ என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் எது மலிவு என்று மட்டும் பார்த்து இதற்கு விடை காண்பது சரியன்று. ‘இந்த வேலை பிசகினால் நமக்கு நேரும் இழப்பு எவ்வளவு?’ என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு வேலைக்கும் உரிய இடம் எது என்பது தெளிவாகும்.

பில்லைப் பிரித்துப் படிப்போம்

சர்வீஸ் பில்லில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு: ஆயிலும் உதிரிபாகங்களும் முதல் பகுதி, கூலி இரண்டாவது, உட்புறச் சுத்தம், ஏ.சி. கிருமிநீக்கம், என்ஜினுக்கு மெருகு, எரிபொருளில் கலக்கும் மருந்து போன்ற கூடுதல் சேவைகள் மூன்றாவது. கணக்குக்காக, வரி நீங்கலாக 9,000 ரூபாய் பில் ஒன்றில் பாகங்கள் 4,500, கூலி 2,000, கூடுதல் சேவைகள் 2,500 என்று வைத்துக்கொள்வோம். எல்லா வேலைகளையும் நாமே செய்தாலும் பாகங்களின் விலையை எப்படியும் கொடுத்தாக வேண்டும். மிஞ்சுவது கூலியும் அதன் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதாவது 2,360 ரூபாய். கூடுதல் சேவைகள் வேண்டாம் என்று சொன்னாலோ, ஸ்பேனரைத் தொடாமலேயே வரியுடன் 2,950 ரூபாய் மிஞ்சும்.

ஆகவே சிக்கனத்தின் முதல் படி, வண்டியுடன் வந்த கையேட்டைப் படிப்பதே. எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கும். வண்டியை ஒப்படைக்கும்போது, ‘அட்டவணையில் உள்ளவற்றை மட்டும் செய்யுங்கள், வேறு எதுவானாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

நாமே செய்யத்தக்கவை

பிசகினாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் இழப்பு நேராத வேலைகளை வீட்டிலேயே செய்யலாம். டயரின் காற்றழுத்தத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன் பார்ப்பது இவற்றில் முதன்மையானது. சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் உள்ளன. தேய்மானம் அம்மேடுகளின் மட்டத்தை எட்டினால், எஞ்சிய ஆழம் சுமார் 1.6 மில்லிமீட்டரே. அதற்கு மேல் அந்த டயரை ஓட்டலாகாது.

வைப்பர் ரப்பர் மாற்றுவது, கண்ணாடி கழுவும் நீர் நிரப்புவது, என்ஜின் ஆயிலின் மட்டத்தை அளவுக் கம்பியால் பார்ப்பது ஆகியவையும் எளியவை. ஏர் ஃபில்டரையும் ஏ.சி.யின் கேபின் ஃபில்டரையும் பெரும்பாலான கார்களில் சில கிளிப்புகளைக் கழற்றிச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். கூலன்ட் மட்டத்தை வெளித் தொட்டியின் குறியில் பார்த்தால் போதும். என்ஜின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுக் கை, முகத்தைச் சுட்டுவிடும்.

என்ஜின் ஆயில் மாற்றுவது நடுத்தரமான வேலை. செய்முறை கடினமன்று. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. பழைய ஆயிலோ சட்டப்படி அபாயகரமான கழிவு; அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. உறுதியான ஸ்டாண்டும் கழிவை ஒப்படைக்க இடமும் இல்லாதவர்கள் இதைப் பணிமனைக்கு விடுவதே நல்லது.

உத்தரவாதக் காலத்தில் கம்பெனி சர்வீஸ்

வாரண்டி எனப்படும் உத்தரவாதம் நடப்பில் உள்ளவரை அட்டவணைச் சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமே செய்துகொள்வது அறிவுடைமை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் தொடர்பாக ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. வெளிப் பணிமனையை நாடினார் என்ற ஒரே காரணத்துக்காக முழு உத்தரவாதத்தையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. பிழையான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். அவ்வாணை மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. நடைமுறையில், பழுது எதனால் வந்தது என்ற வாதம் எழுந்தால் அலைச்சல் உரிமையாளருக்கே. கியர்பாக்ஸோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ பழுதானால் வரும் செலவுக்கு முன், ஓராண்டில் மிஞ்சும் கூலி மிகச் சிறியது.

கூடுதல் விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்காக மின்கம்பிகளை வெட்டி இணைப்பதையும் இக்காலத்தில் தவிர்க்க வேண்டும். உத்தரவாதம் மறுக்கப்பட அது எளிதில் காரணமாகிவிடும்.

எக்காலத்திலும் நாம் தொடக் கூடாதவை

பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், சீட் பெல்ட் இழுவை, சி.என்.ஜி. குழாய்கள் ஆகியவற்றில் நேரும் பிசகுக்கு விலை உயிர். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றின் அருகே கை போகவே கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் நீண்ட மலைப்பாதை இறக்கங்களில் பிரேக் பிடிப்புக் குறையும். எனவே கையேடு சொல்லும் காலத்தில் அதைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு மாற்ற வேண்டும்.

உத்தரவாதம் முடிந்த பின்

அப்போது நம்பகமான வெளிப் பணிமனை மூன்றாவது வழியாகிறது. தில்லியின் காஷ்மீரி கேட் போன்ற பெரிய சந்தைகளிலும் இணையத்திலும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. எங்கு வாங்கினாலும் முத்திரை கலையாத உறை, அச்சிட்ட விலை, ஜி.எஸ்.டி. பில் ஆகிய மூன்றும் இருக்கட்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி கேட்பதும் நம் உரிமையே. மின்னணுக் கோளாறு, கம்பெனியின் திரும்ப அழைப்பு அறிவிப்பு போன்றவற்றுக்கு மட்டும் முகவரிடம் செல்லலாம்.

காப்பீடும் கணக்கும்

காப்பீடு விபத்துச் சேதத்துக்கு உரியது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் அடங்கா. விபத்திலும் டயர், பேட்டரி, பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழக்கமான பாலிசியில் 50 சதவீதம் கழிக்கப்படும். ‘ஜீரோ டிப்ரிசியேஷன்’ கூடுதல் காப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இக்கழிவு தவிரும். ஆகவே பராமரிப்புச் செலவு நம் கையிலிருந்தே வர வேண்டும். மாதம் 1,000 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்தால், சர்வீஸ் மாதம் வரும்போது வட்டி நீங்கலாகவே 12,000 ரூபாய் தயாராக இருக்கும். கடன் அட்டையில் பாக்கி வைத்து வட்டி கட்ட நேராது.

யார் செய்த வேலையானாலும் நாள், கிலோமீட்டர், மாற்றிய பாகம், விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி பில்களுடன் பாதுகாப்பது நன்று. உத்தரவாதக் கோரிக்கைக்கு அதுவே சான்று. கடன் தீர்ந்து, வங்கியின் தடையின்மைச் சான்று பெற்றுப் பதிவுச் சான்றிதழில் அடமானக் குறிப்பை நீக்கிய பின் வண்டியை விற்க முனைந்தால், வாங்குபவர் முதலில் கேட்பதும் அந்தக் குறிப்பேட்டையே.