ஆசியச் சிங்கங்களுக்கு ஒரே இருப்பிடம்: எண்ணிக்கை உயர்ந்தும் கவலை நீங்காதது ஏன்?

ஆப்பிரிக்காவுக்கு வெளியே சிங்கங்கள் இயற்கையாக வாழும் ஒரே பகுதி, குஜராத் மாநிலத்தின் சௌராஷ்டிரம். அங்குள்ள கிர் காடுகளிலும் சுற்றுவட்டாரத்திலும் 2025 மே மாதம் நடைபெற்ற கணக்கெடுப்பில் 891 ஆசியச் சிங்கங்கள் இருப்பது தெரியவந்தது. இந்த எண்ணிக்கை 2015-இல் 523-ஆகவும், 2020-இல் 674-ஆகவும் இருந்தது. பத்து ஆண்டுகளில் கண்ட இந்த வளர்ச்சி வனப் பாதுகாப்பின் வெற்றியாகக் கருதப்படுகிறது. ஆயினும், அனைத்துச் சிங்கங்களும் ஒரே நிலப்பரப்பில் வாழ்வதால் அவற்றின் எதிர்காலம் குறித்த கவலை நீடிக்கிறது.

சுருங்கிய வாழிடம்

முற்காலத்தில் துருக்கி, இராக், ஈரான் முதல் வட இந்தியா, மத்திய இந்தியா வரை இச்சிங்கங்கள் பரவியிருந்தன. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடுகள் அழிக்கப்பட்டதாலும் அவை ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மறைந்தன. ஜுனாகத் நவாப்புகள் அளித்த பாதுகாப்பால் கிர் காட்டில் மட்டும் ஒரு சிறு கூட்டம் எஞ்சியது. 1965-இல் கிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்றைய சிங்கங்கள் அனைத்தும் அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் என்பதால், அவற்றின் மரபணுப் பன்முகத்தன்மை குறைவாக உள்ளது.

நோய்த்தொற்று அபாயம்

மரபணு வேறுபாடு குறைந்த விலங்குகள் நெருக்கமாக வாழும்போது, ஒரே தொற்று பெரும் அழிவை ஏற்படுத்தக்கூடும். நாய்களைத் தாக்கும் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ், 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டி பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைப் பலிகொண்டது. கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் இதே வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. இதையடுத்து வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி வரவழைக்கப்பட்டு, சிங்கங்களுக்குச் செலுத்தப்பட்டது.

இரண்டாவது இருப்பிடம்

இத்தகைய பேரழிவைத் தவிர்க்கவே, மத்தியப் பிரதேசத்தின் குனோ வனப்பகுதி சிங்கங்களின் இரண்டாவது இருப்பிடமாகத் தேர்வு செய்யப்பட்டது. அதற்காக 24 கிராமங்களைச் சேர்ந்த மக்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தனர். சிங்கங்களை அங்கு கொண்டுசெல்ல உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. எனினும் அது நிறைவேறவில்லை. 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி, நமீபியாவிலிருந்து வந்த சிறுத்தைப்புலி போன்ற மற்றொரு பூனையினமான சீட்டாக்கள் எட்டு அங்கு விடப்பட்டன.

இதற்கிடையே, போர்பந்தர் அருகேயுள்ள பர்தா சரணாலயத்தில் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு முதல் முறையாகச் சிங்கங்கள் மீண்டும் குடியேறியுள்ளன. 2025 கணக்கெடுப்பில் அங்கு 17 சிங்கங்கள் பதிவாயின. ஆனால், பர்தாவும் சௌராஷ்டிரத்துக்குள்ளேயே அமைந்துள்ளது.

எல்லை தாண்டும் சிங்கங்கள்

தற்போது பாதிக்கும் மேற்பட்ட சிங்கங்கள் கிர் தேசியப் பூங்கா, சரணாலய எல்லைக்கு வெளியே வயல்வெளிகளிலும் ஆற்றோரங்களிலும் கடற்கரைப் பகுதிகளிலும் திரிகின்றன. தடுப்புச் சுவர் இல்லாத கிணறுகள், ரயில் பாதைகள், மின்வேலிகள் ஆகியவை அங்கு அவற்றின் உயிருக்கு உலை வைக்கின்றன. கால்நடைகள், தெருநாய்கள் ஆகியவற்றுடன் ஏற்படும் தொடர்பு, நோய் பரவும் வாய்ப்பையும் அதிகரிக்கிறது. எண்ணிக்கை பெருகப் பெருக, தொலைவில் மற்றோர் இருப்பிடம் தேவை என்ற வாதமும் வலுப்பெறுகிறது.