படகு எங்கே? சொல்லணும்... ஆனா ஊருக்கே சொல்லணுமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் நிறைய வந்த படகைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "வலையை எங்கே போட்டீங்க?" பதில் மட்டும் லேசில் வராது!

கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டு, மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஓரமெல்லாம் மீன் கூடும். அந்த இடங்களை ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, கடலை நம்பி வாழ்பவர்களுக்கு அது சொத்து மாதிரி. வெளியே தெரிந்தால் நாளைக்கே பத்துப் படகு வந்து நிற்கும்.

புயல் சொன்ன பாடம்

ஆனால் படகு இருக்கும் இடம் யாருக்குமே தெரியாமல் போனாலும் ஆபத்து. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2008-ல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் வந்ததும் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான்.

அதனால்தான் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வந்தது. 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ந்தேதி பிரதமர் தொடங்கி வைத்தார். இஸ்ரோ தயாரித்த தொழில்நுட்பம் இது. புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். ஆபத்து என்றால் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம்.

கருவிக்குக் கருவி வித்தியாசம்

எல்லாக் கருவியும் ஒன்றல்ல. 'ஏ.ஐ.எஸ்.' கருவி, படகின் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோ அலையில் பரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ரிசீவர் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம். மோதலைத் தவிர்க்க அது நல்லது, ரகசியத்துக்கு ஆகாது!

டிரான்ஸ்பாண்டர் தகவல் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பு மையத்துக்குப் போகும். இன்னொன்று 'டாட்' என்ற அபாய அறிவிப்புக் கருவி. ஆபத்தில் பட்டனை அழுத்தினால்தான் இடத்தைச் சொல்லும். மற்ற நேரம் வாய் திறக்காது.

கேட்டதற்கு மட்டும் பதில்

படகில் பணம் போட்ட கூட்டாளிக்கு வேண்டியது என்ன? 'படகு பத்திரமா இருக்கா, எப்போ கரைக்கு வரும்?' அவ்வளவுதான். அதிகாரிக்கு வேண்டியது, விசைப்படகு கரையோரத் தடை எல்லைக்குள் வந்ததா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கடலுக்குப் போனதா என்பது. இதற்கெல்லாம் 'ஆமாம்', 'இல்லை' என்ற பதில் போதும். வலை போட்ட இடமெல்லாம் எதற்கு?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே கருவி பொருத்த வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தகவலை யார் பார்ப்பார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

உயிரைக் காக்கக் கருவி வேண்டும். அதே கருவி பிழைப்பைப் பறித்துவிடக் கூடாது!