அப்ரைசல்ல பேச வரலையா? கொல்லிமலையில ஒரு பாடம் இருக்கு!

அப்ரைசல் சீசன் வந்தா ஆபீஸ்ல ஒரே பேச்சுதான்: "உனக்கு எத்தனை பர்சன்ட்?"

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். மாசம் 50,000 ரூபாய் சம்பளத்துக்கு 6% உயர்வுன்னா 3,000. 10%ன்னா 5,000. வித்தியாசம் மாசம் 2,000. அந்த 2,000 அப்படியே நின்னாலும் 10 வருஷத்துல 2,40,000 ரூபாய். எஸ்ஐபி-ல போட்டா அதோட வளர்ச்சி தனி. கம்பெனி பட்ஜெட் நம்ம கையில இல்ல. ஆனா அந்த 15 நிமிஷம் எப்படிப் பேசுறோம்ங்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

என் முதல் அப்ரைசலுக்கு 18 ஸ்லைடு கொண்டு போனேன். மூணாவது ஸ்லைடுல மேனேஜர் போனை எடுத்துட்டார். கடைசியில ஒரே கேள்வி: "சரி, இதுல நீங்க என்ன பண்ணீங்க?" எனக்குப் பதில் வரல.

ஓரியோட ஒரே அம்பு

70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனா, செம்மேட்டுல குதிரை மேல வல்வில் ஓரி சிலை நிக்கும். அந்த ஓரியைப் பத்தி வன்பரணர் பாடினது புறநானூறு 152-வது பாட்டு. அது எப்படித் தொடங்குதுன்னு கவனிங்க. "ஓரி பெரிய வள்ளல்"னு தொடங்கல. ஒரு வேடன் விட்ட அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்னு, மானை உருட்டி, பன்றியைச் சாய்ச்சு, புற்றுல இருந்த உடும்புல போய்த் தைக்குது. அதுக்கப்புறம்தான் புலவர் "யார் இவன்? ஓரியா இருக்குமோ?"ன்னு யோசிக்கிறார்.

செயல் முதல்ல, பேர் அப்புறம். நாம தலைகீழா பண்றோம். "நான் கடின உழைப்பாளி, டீம் பிளேயர்"னு பட்டத்துல தொடங்குறோம். செஞ்ச வேலை 12-வது ஸ்லைடுல கிடக்கு.

கூத்துல இருந்து ரெண்டு உத்தி

மலையிலிருந்து கீழே இறங்கினா நாமக்கல், சேலம் பக்கத்து ஊர்கள்ல தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். பாரதக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இருந்தும் சனம் உட்கார்ந்து பார்க்குது. ஏன்?

ஒண்ணு, கட்டியங்காரன். வேஷக்காரர் வந்ததும் "நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க?"ன்னு நமக்காக அவர்தான் கேட்பார். அதே மாதிரி மேனேஜர் மனசுல இருக்கிற கேள்வியை நீங்களே முதல்ல எடுங்க: "இந்த வருஷம் என்னால டீமுக்கு என்ன மிச்சமாச்சுன்னு சொல்றேன்."

ரெண்டு, திரை. ரெண்டு பேர் துணியைப் பிடிச்சிருப்பாங்க, பின்னாடி இருந்து பாட்டு வரும். ஆர்வம் ஏறின பிறகுதான் வேஷம் வெளியே வரும். உங்க எண்ணும் அப்படி வரணும். "மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு நாலு பேர் ரெண்டு நாள் உட்கார்ந்தோம். நான் ஒரு ஷீட் தயார் பண்ணேன்." கொஞ்சம் நிறுத்துங்க. "இப்போ ஒருத்தர், அரை நாள்." ஆனா கூத்து மாதிரி விடியிற வரைக்கும் இழுக்காதீங்க, ஒரு நிமிஷத்துல திரை விலகிடணும்.

அப்புறம் ஓரியோட அம்பு மாதிரி அந்த ஒரே வேலை எங்கெல்லாம் தைச்சதுன்னு சொல்லுங்க: மிச்சமான நேரம், குறைஞ்ச தப்பு, கிளையன்ட் அனுப்பின பாராட்டு மெயில். பத்து வேலையைப் பட்டியல் போடறதை விட இது மனசுல நிக்கும்.

ஒரு எச்சரிக்கை: கூத்துல மிகைப்படுத்தலாம், அப்ரைசல்ல கூடாது. சொல்ற ஒவ்வொரு எண்ணுக்கும் மெயிலோ ரிப்போர்ட்டோ கையில இருக்கணும். முடிவுல உங்களுக்கு வேணும்ங்கிற சம்பளத்தை எண்ணாவே கேளுங்க.

அந்தப் பாட்டுல தன் பேரைக் கேட்டதும் ஓரி வெட்கப்படுவார். நமக்கும் நம்மளைப் பத்திப் பேச வெட்கம்தான். ஆனா ஓரியைப் பாட வன்பரணர் இருந்தார். மீட்டிங் ரூம்ல நம்மளைப் பாட யாரும் வரப்போறதில்ல. நாமதான் சொல்லணும்.

இன்னைக்கு ராத்திரி உங்க கதையை மூணு நிமிஷம் போன்ல பதிவு பண்ணி, உங்க வேலையைப் பத்தித் தெரியாத ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டுங்க. அம்மாவுக்கே புரிஞ்சா மேனேஜருக்கும் புரியும். மீட்டிங் முடிஞ்சு என்னாச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!